நந்தன் சரித்திரம் மேடையேறிய கதை



"நாளைக்குப் போகலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதருக்கு அது பெயராக அமைந்துவிட்டது. அவர்தாம் திருநாளைப்போவார் என்னும் நந்தனார். அவருடைய கதை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். சிதம்பரத்துக்குப் போய் நடராசரைக் காண ஏங்கியவர். கடைசியில் நெருப்பில் மூழ்கி எழுந்து கோயிலுக்குள் சென்று மறைந்தவர். இன்றைய உரையில் அந்தக் கதையைத் திரும்பச் சொல்வது நம் நோக்கமன்று. அந்தக் கதை பாட்டாகி, காலட்சேபமாகி, நாடகமாகி, சினிமாவாகி, கடல் தாண்டி நம் தோட்டத்துத் திடல்வரை வந்து சேர்ந்த வரலாற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேடையில் நாம் பார்த்த நந்தனார் கதை வேறு. பெரிய புராணத்தில் இருக்கும் கதை வேறு. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் இவருடைய பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் இவருடைய ஊரையும் குலத்தையும் குறித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாடல்களில் வரலாற்றை விரித்துப் பாடினார். புலைப்பாடியின் குடிசைகளையும், கோழிக்குஞ்சுகளையும், தோல் காய்கின்ற முற்றத்தையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார் அவர். நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தார் என்கிறார். திருப்புன்கூரில் மறைத்து நின்ற நந்தி சற்று விலகி வழிவிட்டதையும் சொல்கிறார். ஆனால் அந்த 37 பாடல்களில் எங்கு தேடினாலும் ஒருவரைக் காண முடியாது. யார் அவர்? வேதியர்! நாற்பது வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர்; நந்தனுக்கு எசமானர்; "சிதம்பரமா, உனக்கா?" என்று சீறுகிறவர். நந்தனார் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வரும் அந்த மனிதர் சேக்கிழாரிடம் இல்லவே இல்லை.

சேக்கிழாரின் நந்தனார் ஏன் போகாமல் இருந்தார்? தம் பிறப்பு தில்லைக்குள் செல்லத் தடையாகும் என்று தாமே எண்ணிக் கலங்கியதால் நாளை நாளை என்று நாளைக் கழித்தார். தடை அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அந்த நெஞ்சுக்குள் அதைப் போட்டது ஊர் என்பது உண்மைதான். ஆயினும் "போகாதே" என்று நேரில் நின்று தடுத்தவர் எவருமில்லை. அந்தத் தடைக்கு ஒரு முகமும் குரலும் குடையும் கொடுத்து மேடையில் நிறுத்தியவர், ஏறக்குறைய எழுநூறு ஆண்டு கழித்து வந்த கோபாலகிருஷ்ண பாரதியார்.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். மணம் செய்துகொள்ளாமல் தனியராக வாழ்ந்தவர். மாயூரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரம் என்ற ஊரில் நிலக்கிழார்களின் ஆதரவில் பல காலம் இருந்தார். பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் உ. வே. சாமிநாதையர் இளமையில் இவரிடம் சங்கீதம் பயின்றார். பாரதியாருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதி வைத்தவரும் அவரே. மிராசுதார்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் இட்ட சோற்றை உண்டு வாழ்ந்தவர்தாம் மிராசுதார் ஒருவர் தம் பண்ணையாளை எப்படி வதைத்தார் என்று பாடினார். அவர் கேள்விப்பட்டுப் பாடியவர் அல்லர். பக்கத்தில் இருந்து பார்த்துப் பாடியவர்.

கதையை அவர் எப்படி மாற்றினார்? நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சேரியில் மற்றவர்கள் தங்கள் காவல் தெய்வங்களுக்குப் படையல் போடும்போது, இவன் மட்டும் சிவன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். சேரிப் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. இவன் போக்கால் நமக்கும் கேடு வருமே என்று ஆண்டையிடம் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். நந்தன் கைகட்டி நின்று சிதம்பரம் போக விடை கேட்கிறான். வேதியர் மறுக்கிறார், ஏசுகிறார், கடைசியில் ஒரு கெடு வைக்கிறார்: நாற்பது வேலி நிலத்தையும் நட்டு, விளைவித்து, அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் சுமார் 270 ஏக்கர். நம் பக்கத்துக் கணக்கில் ஒரு சிறு தோட்டத்துக்குச் சமம். அதை ஒரே ஆள் ஒரே இரவில் செய்து முடிக்க வேண்டும். சிவனுடைய பூதகணங்கள் வந்து இரவோடு இரவாக முடித்துக் கொடுக்கின்றன. விடிந்ததும் கதிர் முற்றிக் கிடக்கும் வயலைக் கண்டு திகைத்த வேதியர், தம் பண்ணையாளின் காலிலேயே விழுகிறார்.

எசமானர் அடிமையின் காலில் விழுவது அந்தக் காலத்தில் சாதாரணமாகச் சொல்லத்தக்க காரியமா? இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று அரசு அறிவித்தது 1843 இல். சட்டம் வந்ததே தவிர, தஞ்சைச் சீமையின் நெல்வயல்களில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அதே தஞ்சைக் கடற்கரையில் நாகப்பட்டினம் துறைமுகம் இருந்தது. அங்கிருந்துதான் பினாங்குக்குக் கப்பல்கள் புறப்பட்டன. நம் முன்னோர் பலர் கால் வைத்து ஏறிய துறைமுகம் அது. ஆட்கள் கடல் கடந்து போய்விட்டால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காதே என்று மிராசுதார்கள் முறையிட்ட காலமும் அதுதான். "போய் வருகிறேன், விடை கொடுங்கள்" என்று ஒரு பண்ணையாள் கேட்பதும், "போகக்கூடாது" என்று ஆண்டை சொல்வதும் புராணகாலத்துச் செய்தியாக நாகப்பட்டினத்தாருக்குப் பட்டிருக்க முடியாது. பாரதியார் தம் நந்தன் கதையை அந்த நாகப்பட்டினத்தில்தான் சபைமுன் சொன்னார். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள் என்பதில் வியப்பென்ன?

பக்கத்திலிருந்த காரைக்கால் அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்த சீசே என்ற துரை இந்தக் கதையில் ஈடுபட்டு, அதை அச்சிடுவதற்கு முன்வந்தார். இவ்வாறு 1861 இல் நந்தன் சரித்திரக் கீர்த்தனை புத்தகமாயிற்று. ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அவர் பாட்டு அச்சேறுவது அந்நாளில் அரிய பேறு. அதற்குக் கை கொடுத்தவர் ஓர் ஐரோப்பியர் என்பது நினைக்கத்தக்கது.

அந்தத் துரையின் தாய்நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? மூன்று ஆண்டுக்கு முன்பு, 1858 அக்டோபர் 21 ஆம் நாள், பாரிஸ் நகரில் ஆஃபென்பாக் என்பவர் இசையமைத்த நாடகம் ஒன்று அரங்கேறியிருந்தது. ஆர்ஃபியஸ் என்ற பாணன், இறந்துபோன மனைவியைத் தேடிப் பாதாள உலகம் போனான் என்பது கிரேக்கரின் பழங்கதை. ஆஃபென்பாக் குழுவினர் அதைக் கேலி நாடகமாக்கினார்கள். அந்த நாடகத்தில் பாணனுக்கு மனைவியைக் கண்டாலே ஆகாது. அவள் தொலைந்தாள் என்று மகிழ்கிறான். பிறகு ஏன் தேடிப் போகிறான்? பழங்கதையில் இல்லாத ஒரு புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாத்திரத்தின் பெயரே பொதுஜன அபிப்பிராயம்! "ஊர் என்ன சொல்லும்? போய் அழைத்து வா" என்று அது அவனைப் பிடித்துத் தள்ளுகிறது. பழங்கதைக்குள் இக்காலத்து மனிதர் ஒருவர் நுழைந்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரிய விமரிசகர் ஒருவர், தெய்வக் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் சீறி எழுதினார். எழுதியதன் பலன், அதுவரை சுமாராக ஓடிய நாடகத்துக்குச் சீட்டுக் கிடைக்காமல் போயிற்று. 228 முறை நடந்தது.

பாரிஸ் நாடகம் சிரிப்பு. நந்தன் கதை அழுகை. இரண்டையும் ஒரு தட்டில் வைக்க முடியாது. ஆனால் மேடைக்காரர்கள் செய்த வேலை ஒன்றுதான். இங்கேயும் புலவர் ஒருவருக்குக் கோபம் வந்தது. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர். தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று பாரதியார் அவரிடம் போனார். பிள்ளையவர்கள் கொடுக்கவில்லை. காரணம் இரண்டு: பாட்டுகளில் இலக்கணப் பிழை மலிந்திருந்தது, சேக்கிழார் சொல்லாத கதை சேர்ந்திருந்தது. பாரதியார் பலமுறை அலைந்தார். ஒருநாள் பகலில் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, இவர் திண்ணையில் காத்திருந்தார். சும்மா இராமல் தம் பாட்டொன்றை மெல்லப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் கேட்டார், உருகினார், கண்ணீர் வந்தது. எழுந்து வெளியே வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார். இலக்கணம் இன்னும் பிழையாகத்தான் இருந்தது. கதையும் மாறியபடியே இருந்தது. பாட்டைத் தாளில் படித்தபோது தெரிந்த குற்றம் காதால் கேட்டபோது மறைந்துவிட்டது. மேடைக்கென்று பிறந்த நூலை மேடைக் காதால்தான் கேட்க வேண்டும் என்பதை அந்தப் பெரும்புலவர் அன்று ஒத்துக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

இனி, அது எப்படி மேடையில் நடந்தது என்று பார்ப்போம். தொடக்கத்தில் இது பல பேர் வேடமிட்டு ஆடும் நாடகமன்று. ஒரே பாகவதர் நின்றுகொண்டு சொல்லும் கதாகாலட்சேபம். பின்பாட்டுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், கையில் சிப்ளாக்கட்டை அல்லது சாலர். தஞ்சையை ஆண்ட மராத்தியரோடு வந்த கதை சொல்லும் மரபு தமிழ்க் கீர்த்தனையோடு கலந்து அங்கே ஒரு புதுக் கலையாக வளர்ந்திருந்தது. பாரதியார் விருத்தமும் கீர்த்தனையும் எழுதியதோடு நில்லாமல் நொண்டிச்சிந்து, இலாவணி போன்ற மெட்டுகளையும் சேர்த்தார். சேரி மனிதர்கள் பேசுகிற இடத்தில் சேரிப் பேச்சு. வேதியர் பேசுகிற இடத்தில் அக்கிரகாரப் பேச்சு. பிற்காலத்தில் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்ற வல்லவர்கள் நந்தனார் சரித்திரத்தைச் சொல்லும்போது மணிக்கணக்காகச் சபை அசையாமல் இருக்கும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாகவதர் ஒருவரே வேதியராகவும் நந்தனாகவும் மாறி மாறிப் பேச வேண்டும். வேதியராக நிமிர்ந்து நின்று கையை ஓங்குகிறவர், அடுத்த கணமே நந்தனாகக் குனிந்து, வாயைப் பொத்தி, கெஞ்ச வேண்டும். கதை சொல்லும் பாகவதர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். கேட்கிறவர்களும் பல இடங்களில் உயர்குலத்தார். ஓங்கிய கையும் பொத்திய வாயும் ஒரே உடம்பில் மாறி மாறித் தோன்றுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நந்தனுக்காகக் கண்ணீரும் விட்டார்கள். வீட்டுக்குப் போனபின் தம் பண்ணையாளை வேறு விதமாக நடத்தினார்களா? அப்படி எதுவும் நடந்துவிடவில்லை. காலட்சேபம் நடந்த மண்டபத்துக்குள் நந்தனுடைய சொந்தக்காரர்கள் வரமுடியாத நிலைதான் நெடுங்காலம் இருந்தது.

பிறகு நாடகக் கம்பெனிகள் தோன்றின. ஆர்மோனியம் வந்தது, படுதா வந்தது, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் வந்தார்கள். நந்தனார் அவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த நாடகங்களில் வள்ளி திருமணத்தைப் போலவே நந்தனாரும் ஒன்று. சுந்தராம்பாளின் குரல் ஒலிபெருக்கியில்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும் என்பார்கள். 1933 இல் கிட்டப்பா இளவயதிலேயே காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தி, நடிப்பை விட்டு ஒதுங்கினார். அவரைத் திரும்ப இழுத்து வந்ததும் நந்தனாரே. 1935 இல் வெளிவந்த "பக்த நந்தனார்" படத்தில் நடிப்பதற்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! அதைக் கேட்டுத் தமிழ்நாடே வாய் பிளந்தது. நந்தனாக ஆண் வேடத்தில் சுந்தராம்பாள். வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் என்னவோ பேர் வாங்கவில்லை. கல்கி அவர்கள் அதைக் கிண்டல் செய்து எழுதிய விமரிசனம்தான் படத்தைவிட நீடித்து நின்றது.

அடுத்து 1942 இல் ஜெமினி நிறுவனத்தார் முருகதாசாவின் இயக்கத்தில் "நந்தனார்" எடுத்தார்கள். நந்தனாக எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியராகச் செருகளத்தூர் சாமா. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாட்டெழுதினார்கள். இந்தப் படம்தான் நந்தனாரை ஊர் ஊராக, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதன் பாட்டுகள் நாட்டுப்புறம்வரை பரவியபின், எது கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டு, எது சினிமாப் பாட்டு என்று பிரித்தறிய முடியாதபடி ஆகிவிட்டது. ஒரு மேடைக் கதைக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

ஆனால் இந்த வெற்றிக்கு நடுவே சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வி நெருப்பைப் பற்றியது. அவ்வளவு பக்தியுள்ள மனிதர் கோயிலுக்குள் போக ஏன் நெருப்பில் குளிக்க வேண்டும்? பூணூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே போகலாம் என்றால், போனவர் நந்தன்தானா? சுயமரியாதை இயக்கத்தார் இன்னும் கடுமையாகக் கேட்டார்கள்: உண்மையில் அவரைக் கொளுத்திவிட்டுத்தானே சோதியில் கலந்தார் என்று கதை கட்டினீர்கள்? பெரியார் ஈ. வெ. ரா. 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். 1954 இலும் வந்தார். அந்தக் கேள்விகளும் அவரோடு கப்பலேறி வந்து, நம் தோட்டத்து இளைஞர் சங்கங்களிலும் படிப்பகங்களிலும் இறங்கின.

சிதம்பரத்திலோ வேறொருவர் வேறு வழியில் பதில் சொன்னார். சுவாமி சகஜானந்தர் அவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த துறவி. அவர் 1916 இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தன் எந்த ஊருக்குள் நுழையத் தயங்கினானோ அந்த ஊரில் நந்தனின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்!

இதே எண்ணத்தை மேடையில் சிரிப்பாக்கித் தந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவருடைய "கிந்தனார்" காலட்சேபத்தை 1949 இல் வந்த "நல்லதம்பி" படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். பாகவதர் கோலம் அப்படியே இருக்கிறது, பின்பாட்டும் அப்படியே. நந்தனுக்குப் பதில் கிந்தன். அவனுக்கு ஆசை சிதம்பரத்தின்மீது அல்ல, பட்டணத்தின்மீதும் படிப்பின்மீதும். ரயிலேறிப் போகிறான், படிக்கிறான், உத்தியோகம் பெற்றுத் திரும்புகிறான். நெருப்பு இல்லை, பூதகணமும் இல்லை. பழைய மெட்டையும் பழைய கோலத்தையும் வைத்துக்கொண்டே முடிவை மாற்றிவிட்டார். நந்தன் சரித்திரத்தை நன்றாகக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் கிந்தனாரில் சிரிப்பு அதிகம். பிறகு 1978 இல் இந்திரா பார்த்தசாரதி "நந்தன் கதை" என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் நெருப்பு அற்புதமன்று; மேல்சாதியார் கூடிச் செய்த சூழ்ச்சி.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பாரதியாரிடம் எனக்கு உள்ள குறை நெருப்பைப் பற்றியதன்று. அது சேக்கிழாரிடமிருந்து வந்தது. நாற்பது வேலியை ஓர் இரவில் விளைவித்துக் கொடுத்தார்களே, அதற்குக் கூலி யார் கொடுத்தார்? நெல் முழுவதும் வேதியரின் களஞ்சியத்துக்குத்தான் போயிற்று. ஒருமுறை காலில் விழுந்து எழுந்ததோடு அவர் கணக்குத் தீர்ந்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்குக் கண்ணில் படாமல் இராது.

இப்போது நம் மலாக்கா மாநிலத்துக்கு வருவோம். நியாலாஸ், ஆசகான், செலாண்டார், ஜாசின் என்று இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். திருவிழா வந்தால் மாரியம்மன் கோயில் முன் திடலில் மூங்கிலும் தகரமும் கொண்டு மேடை போடுவார்கள். அரிச்சந்திரா, பவளக்கொடி, நல்லதங்காள், வள்ளி திருமணம் இவைதாம் வழக்கமான நாடகங்கள். பகலில் பால்மரம் வெட்டுகிறவர்கள் இரவில் கேஸ் விளக்கின் கீழே ஒத்திகை பார்ப்பார்கள். நாடக வாத்தியாரிடம் புத்தகம் இருக்காது, எல்லாம் மனப்பாடம்.

நான் சிறுவனாயிருந்த 1960களில், நியாலாசுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நந்தனார் ஆடினார்கள். பாதிப் பாட்டு பாரதியாருடையது, பாதி சினிமாவிலிருந்து வந்தது. வேதியராக நடித்தவர் ஒரு பால்மரத் தொழிலாளி. பஞ்சகச்சமும் குடுமியும் வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் கக்கத்தில் ஒரு நீளப் புத்தகத்தை இடுக்கியிருந்தார். அது செக்ரோல்! நந்தன் விடை கேட்டதும், அதைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்து, "இந்த மாதம் உனக்கு எத்தனை நாள் பேர் விழுந்திருக்கிறது?" என்று கேட்டார். திடலே அதிர்ந்து சிரித்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிராணியார் சிரிக்கவில்லை. மண்டோர் சிரிக்கலாமா கூடாதா என்று கிராணியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு கேட்டுப் போய், தலையைச் சொறிந்துகொண்டு ஆபீஸ் வாசலில் நின்ற அனுபவம் இல்லாத குடும்பம் அந்தத் திடலில் ஒன்றுகூட இல்லை. தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தும் ஊருக்குப் போக முடியாதவர்கள் இருந்தார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏறி வந்தவர்களுக்கு, "நாளைப் போவேன்" என்பது சிதம்பரத்தைப் பற்றிய பேச்சாக மட்டும் கேட்கவில்லை. நாளை போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே லயத்தில் கிழவரானவர்கள் அவர்கள்.

வேதியர் காலில் விழும் கட்டம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. செக்ரோல் புத்தகம் கீழே கிடந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது.

அந்த நாடகத்துக்கு முன்பு ஒத்திகையிலேயே தோட்டத்தில் ஒரு தகராறு நடந்ததென்று பெரியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். இளைஞர் சங்கத்தார், தீக்குளிக்கும் காட்சி வேண்டாம் என்றார்களாம். நாடக வாத்தியாருக்கு மனம் ஒப்பவில்லை. "நெருப்பு இல்லாமல் நந்தனாரா? சிவப்புக் காகிதம்கூட வாங்கி வைத்துவிட்டேனே" என்றாராம். கோயில் தலைவர் இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார். இரண்டு இரவு பேச்சு நடந்தது. என்ன முடிவு செய்தார்கள் என்பதை நாங்கள் அன்றிரவு கண்ணால் கண்டோம்.

வேதியர் விடை கொடுத்தபின் படுதா விழவில்லை. நந்தன் ஒரு துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து கீழே இறங்கினான். பாய் விரித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே நடந்தான். ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே இருந்தது. சில கிழவிகள் எழுந்து அவன் கையில் காசு வைத்தார்கள். ஒருத்தி சிதம்பரத்துக்கு அருகிலிருந்த தன் ஊரின் பெயரைச் சொல்லி ஏதோ செய்தி சொல்லியனுப்பினாள். அவன் அதையும் கேட்டுத் தலையசைத்துக்கொண்டு, பால் ஸ்டோர் பக்கமாக நடந்து இருட்டில் மறைந்தான். அவ்வளவுதான் நாடகம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு மணி அடித்தபோது, நந்தனாக நடித்தவர் நெற்றியில் திருநீறு அழியாமல் வரிசையில் வந்து நின்றார். மண்டோர் பெயரைக் கூப்பிட்டார்.